நின்ற திரையும் கிடந்த திரையும்: வீட்டு ஆர்கேடுக்கு மானிட்டர் தேர்வு

பேக்-மேன் விளையாட்டின் படம் 224 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். 1980-ல் நாம்கோ நிறுவனம் அதை வெளியிட்டபோது, பெட்டிக்குள் இருந்த படக்குழாயைப் பக்கவாட்டில் திருப்பி, நிற்கவைத்துப் பொருத்தியிருந்தார்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸ், கேலகா, டாங்கி காங், ஃப்ராகர், சென்டிபீட் எல்லாமே இப்படி நின்ற திரைக்காக வரையப்பட்டவை. இவற்றில் ஒன்றை இன்று கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அகலத்திரை டிவியில் ஓட்டினால், படம் நடுவில் ஒரு தூண்போல நிற்கும். திரைப்பரப்பில் 42 சதவீதத்துக்குத்தான் வேலை, மீதியெல்லாம் இருட்டு. டிவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வீட்டில் ஆர்கேடு அமைக்க ஆசைப்படுகிறவர்கள் மானிட்டர் வாங்கப் போகும்போது, எத்தனை அங்குலம், 4கே உண்டா, எத்தனை ஹெர்ட்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். எல்லாம் தேவையான கேள்விகளே. அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: என்னென்ன விளையாட்டு ஆடப் போகிறோம்? 1970களின் இறுதியிலிருந்து 1990களின் இறுதிவரை வந்த ஆர்கேடு விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட திரைக்கென்றே உருவானது. இன்றைய கணினி விளையாட்டைப்போல எந்தத் திரைக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. திரையின் திசை, வடிவம், நொடிக்கு எத்தனை படம் என்கிற வேகம் எல்லாமே அந்த விளையாட்டின் சர்க்யூட் போர்டில் முடிவானவை. தேர்வை அங்கிருந்து தொடங்கினால் விடையில் பாதிக்குமேல் தானாகவே கிடைத்துவிடும். அங்குலத்திலிருந்து தொடங்கினால், நல்ல மானிட்டரையே வாங்கியும் ஆட்டம் சரியாக அமையாது.

பழைய பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாகங்கள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதால், ஆர்கேடு நிறுவனங்கள் டிவித் தொழிலின் படக்குழாயையும் மின்சுற்றையுமே எடுத்துக்கொண்டன. அமெரிக்க, ஜப்பானிய டிவிகள் நொடிக்குச் சுமார் 15,700 கோடுகளை வரையும். இதைத்தான் 15 கிலோஹெர்ட்ஸ் என்று ஆர்வலர்கள் சுருக்கமாகச் சொல்கிறார்கள். டிவி ஒளிபரப்பில் ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள். அவற்றை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியின் இடைவெளிகளில் மறுபாதியை வரைவார்கள். ஒரு பாதிக்கு 262½ கோடு வரும். ஆர்கேடு போர்டுகளில் பெரும்பாலானவை அந்த அரைக் கோட்டை விட்டுவிட்டு, 262 கோடு அளவில் முழு எண்ணாக அனுப்பின. அதனால் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மேலேயே சரியாகப் படிந்தது. இடையில் வர வேண்டிய கோடுகள் வரையப்படாமல் கறுப்பாகவே கிடந்தன. கண்ணுக்குத் தெரியும் கோடுகள் சுமார் 240. இன்று ஸ்கேன்லைன் என்று ஏக்கத்தோடு பேசப்படும் கறுப்பு வரிகள் பிறந்தது இப்படித்தான்.

வீட்டு டிவியோடு ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. டிவிக்கு நிறமும் ஒளியும் ஒரே சமிக்ஞையில் கலந்து வரும். ஆர்கேடு மானிட்டருக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் நேராகப் போயின. ஆகவே ஆர்கேடு படம் வீட்டு டிவிப் படத்தைவிடத் தெளிவாகவே இருந்தது. பழைய ஆட்டம் என்றால் படம் மங்கலாக இருக்க வேண்டும் என்று நினைத்து, மென்பொருளில் வேண்டுமென்றே மங்கலாக்கிக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் நின்றாடும் பெட்டிகளில் 19 அங்குலம் வழக்கமாக இருந்தது, 25 அங்குலமும் பரவலாக வந்தது. ஜப்பானில் சேகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி போன்ற, உட்கார்ந்து ஆடும் வெள்ளைப் பெட்டிகளில் 29 அங்குலம். எல்லாமே 4:3 வடிவம். இந்த 19 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற கணக்குகளைப் போடலாம்.

அகலத்திரை மானிட்டர் கிடந்த கோலத்தில் இருக்கும்போது, அதில் தெரியும் 4:3 படத்தின் மூலைவிட்டம் மானிட்டர் அளவில் 0.82 பங்கு. நின்ற விளையாட்டு என்றால் அது 0.61 பங்காகச் சுருங்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற கிடந்த விளையாட்டுக்கு 24 அங்குல மானிட்டர் போதும், 19 அங்குலத்துக்குச் சற்று மேலேயே படம் கிடைக்கும். அதே மானிட்டரில் பேக்-மேன் 15 அங்குலத்துக்கும் குறைவு. திருப்பாமலே பேக்-மேனை அதன் பழைய அளவில் பார்க்க வேண்டுமென்றால் 32 அங்குலம் வேண்டும். மாறாக, அந்த 24 அங்குலத்தையே நிற்கவைத்தால் நின்ற விளையாட்டுக்கு மறுபடியும் 19 அங்குலத்துக்கு மேல் கிடைத்துவிடுகிறது. இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு சுழலும் தாங்கியோ, பின்பக்கம் நான்கு திருகாணித் துளைகள் உள்ள மானிட்டரில் மாட்டும் ஒரு கையோதான். எட்டு அங்குலம் பெரிய மானிட்டரின் வேலையை ஒரு திருப்பு செய்துவிடுகிறது. இவ்வளவு எளிதான விஷயத்தை விற்பனைக் குறிப்புகள் எதுவும் சொல்வதில்லை. அலுவலகத்துக்கான மானிட்டர்களில் சுழலும் தாங்கி சாதாரணமாகக் கிடைக்கும், விளையாட்டுக்கென்று விற்கப்படுகிறவற்றில் பலவற்றில் அது இருக்காது.

பழைய ஆட்டங்கள் மட்டும்தான் நின்றவை என்று எண்ணிவிடக் கூடாது. விமானத்தில் பறந்து சுடும் ஜப்பானிய ஆட்டங்கள் பிற்காலத்திலும் நின்ற திரையிலேயே வந்தன. கேப்காமின் 1942, 1990-ல் வந்த ரெய்டன், 1997-ல் கேவ் நிறுவனம் தந்த டோடான்பாச்சி எல்லாம் அப்படித்தான். மேலிருந்து இறங்கும் குண்டுகளைக் கண்டு, விலக நேரம் கிடைக்க வேண்டும். அதற்கு உயரம்தான் வேண்டும். இந்த வகைதான் உங்களுக்கு உயிர் என்றால், திருப்ப முடியாத திரையைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

திசைக்கு அடுத்தது வடிவம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய கேப்காம் போர்டின் படம் 384 x 224 புள்ளிகள். அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் படம் கிட்டத்தட்ட அகலத்திரை வடிவத்துக்கு வந்துவிடும், அதன் சண்டைக்காரர்கள் ரியூவும் சுன்-லீயும் பருத்துப் போவார்கள். வரைந்த ஓவியர்கள் 4:3 குழாயில் அது நெருக்கப்பட்டுத் தெரியும் என்பதை அறிந்தே வரைந்தார்கள். ஆகவே மென்பொருளில் 4:3 என்று வைப்பதுதான் அந்த ஓவியத்துக்குச் செய்யும் நேர்மை. படத்தை அகலத்திரை முழுக்க இழுத்து நிரப்பும் பழக்கத்தைப் பற்றி நான் தயக்கமின்றிச் சொல்வேன்: அதைச் செய்யக் கூடாது. ஓரங்களில் கறுப்பு இருப்பது ஒரு குறையே இல்லை.

இந்த இடத்தில்தான் பழைய, சதுரம்போன்ற எல்சிடி மானிட்டர்கள் உதவிக்கு வருகின்றன. 2000களில் அலுவலகங்களை நிறைத்திருந்த 19 அங்குல, 1280 x 1024 மானிட்டர்கள் 5:4 வடிவம். அவற்றில் 4:3 படம் பதினெட்டரை அங்குலத்துக்கு வரும், வீணாவது ஒரு மெல்லிய பட்டை மட்டுமே. அவற்றைவிட அருமையானவை 20 அங்குல, 1600 x 1200 மானிட்டர்கள். டெல்லின் 2007எஃப்பி இதில் புகழ்பெற்றது. வடிவம் சரியாக 4:3. அதோடு, 320 x 240 படத்தை நீளத்திலும் உயரத்திலும் ஐந்து மடங்காக்கினால் துல்லியமாக 1600 x 1200 வந்துவிடும், ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. ஒரு பழைய புள்ளி ஐந்துக்கு ஐந்து புதிய புள்ளிகளாகிறது, அவ்வளவுதான்.

முழு எண் மடங்கு ஏன் முக்கியம் என்றால், மடங்கு பின்னமாக இருக்கும்போது சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் வரும். நிலைத்த படத்தில் தெரியாமல் போகலாம். பின்னணி நகரும்போது அது நெளிந்து மினுங்கும். 1080 உயரத்தில் 240 நாலரை மடங்கு. முழு மடங்கு வேண்டுமென்றால் நான்கோடு நின்று, 120 கோடுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். 1440 உயரத்தில் 240 சரியாக ஆறு மடங்கு. பேக்-மேனின் 288 அதே 1440-ல் சரியாக ஐந்து மடங்கு. 4கே திரையின் 2160-ல் 240 ஒன்பது மடங்கு. எண்கள் இவ்வளவு அழகாகப் பொருந்துவதால்தான், ஆர்கேடுக்கு மட்டும் வாங்குகிறவர்களிடம் 1080-ஐத் தாண்டி 1440-க்குப் போகச் சொல்கிறேன். 4கே திரையில் புள்ளிகள் மிகச் சிறியவை என்பதால் பின்ன மடங்குகூட கண்ணை உறுத்தாது. அதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. படக்குழாயின் முகத்தில் இருந்த சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளையும் கோடுகளின் தடிமனையும் போலிசெய்து காட்டும் ஷேடர்கள் உண்டு. சிஆர்டி-ராயல் போன்ற அந்த மென்பொருள் வடிகட்டிகளுக்கு இடம் தாராளமாக வேண்டும். ஆறு புள்ளிக்குள் ஒரு கோட்டின் நடுப்பிரகாசத்தையும் ஓர மங்கலையும் காட்டுவதற்கும், ஒன்பது புள்ளிக்குள் காட்டுவதற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

ஷேடர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேக்-மேனில் குழாயே திருப்பி வைக்கப்பட்டிருந்ததால், அதன் ஸ்கேன்லைன்கள் மேலிருந்து கீழாக, செங்குத்தாக ஓடின. நின்ற விளையாட்டின் மேல் கிடைக்கோடுகளைப் போட்டுப் பழமை காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பழைய ஆர்கேடு ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருளில் இதைச் சரியாக அமைக்க முடியும்.

அப்படியென்றால் நிஜப் படக்குழாயே வைத்துவிடலாமே என்ற கேள்வி வரும். அசைவின் தெளிவில் இன்றுவரை அதை முழுமையாக வென்ற திரை இல்லை என்பது என் கருத்து. வழிகள் நான்கு. அசல் ஆர்கேடு மானிட்டர் முதலாவது. இங்கே அது அரிது. கிடைத்தாலும் அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட்டுக்கும் ஜப்பானியச் சரக்கு 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. பலவற்றின் மின்சுற்று வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்படாதது, ஆகவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைப்பது உயிருக்கு ஆபத்து. இரண்டாவது, சோனி பிவிஎம் போன்ற ஸ்டூடியோ மானிட்டர். மூன்று நிறமும் தனித்தனியாக ஏற்கும், படம் அற்புதம், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. மூன்றாவது, பழைய கணினியின் படக்குழாய் (சிஆர்டி) மானிட்டர். அவை 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, ஆகவே ஆர்கேடின் 15 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையை நேரடியாகக் காட்டாது. 240 கோட்டுப் படத்தை நொடிக்கு 120 தடவை அனுப்பினால் கிடைவேகம் இரட்டித்து 31-ஐத் தொடும், கறுப்பு வரிகளோடு படம் வந்துவிடும். ஒவ்வொரு படமும் இருமுறை காட்டப்படுவதால் அசைவில் இரட்டை விளிம்பு தெரியும். ஒன்றுவிட்டு ஒன்றைக் கறுப்பாக்கினால் அதுவும் நீங்கிவிடும்.

நான்காவது வழி நம் ஊர் டப்பா டிவி. அந்த டிவிகளின் காலத்தில் இந்தியாவில் ஒளிபரப்பு பால் முறையில் இருந்தது, நொடிக்கு 50 தடவை. அதன் கிடைவேகம் 15.6 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்க முறைக்கு மிக அருகில் இருப்பதால், பிற்காலத்தில் வந்த பல டிவிகள் 60 ஹெர்ட்ஸ் சமிக்ஞையையும் ஏற்றுக்கொள்கின்றன. படக்குழாய்த் தொழிலில் இந்தியா கடைசிவரை நின்ற நாடுகளில் ஒன்று. பிரான்சின் தாம்சன் நிறுவனத்திடமிருந்து அதன் படக்குழாய்ப் பிரிவை 2005-ல் வாங்கியது நம் வீடியோகான்தான். தமிழ்நாட்டிலோ 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் படக்குழாய் டிவிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. ஆகவே பரணிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ ஒன்று கிடைப்பது நடக்காத காரியம் இல்லை. மஞ்சள் முனை மட்டும் உள்ள டிவியில் நிறம் கரைந்துதான் தெரியும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனைகள் உள்ள பெரிய டிவி கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் படம் ஆர்கேடுக்கு வெகு அருகில் வரும். கணினியிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் எடுக்க, சில ஏஎம்டி வரைகலை அட்டைகளும் சிஆர்டி எமுடிரைவரும் குரூவிமேமும் துணைநிற்கும். ஒவ்வொரு விளையாட்டின் அசல் வேகத்தையும் கோட்டெண்ணிக்கையையும் அப்படியே குழாய்க்கு அனுப்புவதற்காகவே உருவான கருவிகள் அவை.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது, வண்ணப் படக்குழாயின் அனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கும். மூடியைத் திறக்கும் வேலை டிவி மெக்கானிக்குக்கு உரியது. ஸ்கூட்டரும் மிக்சியும் பார்க்கிறவர் இதையும் பார்த்துவிடுவார் என்று விடக் கூடாது. 29 அங்குலக் குழாய் டிவி சுமார் 40 கிலோ. நின்ற விளையாட்டுக்காக அதை அவ்வப்போது திருப்புவது நடைமுறையில் முடியாது. வயது ஆக ஆக மின்தேக்கிகள் வற்றும், மாற்றுக் குழாய் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் படக்குழாயை நான் பரிந்துரைப்பேன்.

மற்ற எல்லோருக்கும் எல்சிடிதான். அதில் முதலில் பார்க்க வேண்டியது பேனலின் வகை. டிஎன் பேனலை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் சட்டென்று மாறிவிடும். அலுவலக மேசையில் அது பெரிய குறையாகத் தெரியாது. ஆர்கேடு பெட்டியில் திரை சாய்ந்திருக்கும், நின்றாடுகிறவர் மேலிருந்து பார்ப்பார், பக்கத்தில் இரண்டாவது ஆட்டக்காரர் வேறு கோணத்தில் நிற்பார். அந்தப் பேனலையே நிற்கவைத்தால் நிலைமை இன்னும் மோசம். மேல்கீழ்க் குறை பக்கவாட்டுக் குறையாகிவிடும், இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் வெவ்வேறு சாயல் தெரியும், ஆடும்போது கண் கூசும். ஆகவே திருப்பப் போகிறவர்கள் ஐபிஎஸ் பேனலே வாங்க வேண்டும். விஏ பேனல் கறுப்பில் ஐபிஎஸ்ஸை மிஞ்சும். ஆர்கேடில் பாதி ஆட்டங்கள் விண்வெளியின் இருட்டில் நடப்பவை என்பதால் அது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் இருளிலிருந்து ஒளிக்குப் புள்ளி மாறும் வேகம் பல விஏ பேனல்களில் குறைவு, கேலகாவின் பூச்சிகள் பின்னால் ஒரு கரும்புகையை இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். வளைந்த மானிட்டர்களை ஆர்கேடுக்கு ஒதுக்கிவிடலாம், நிற்கவைத்தால் வளைவு தவறான திசையில் இருக்கும்.

வேகத்துக்கு வருவோம். எல்லா ஆர்கேடு விளையாட்டும் நொடிக்கு 60 படம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அசல் எண்களைப் பார்த்தால் அது குலைந்துவிடும். பேக்-மேன் 60.6. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சுமார் 59.6. நியோ ஜியோ ஆட்டங்கள் 59.2. டோடான்பாச்சி சுமார் 57.5. ஐரெமின் ஆர்-டைப் 55. 1992-ல் வந்த மார்ட்டல் காம்பேட் 54.7. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மார்ட்டல் காம்பேட்டை அதன் சரியான வேகத்தில் ஓட்டினால், நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் ஏதோ ஒரு படம் இருமுறை காட்டப்பட வேண்டியிருக்கும். பின்னணி நகரும்போது அது துள்ளலாகத் தெரியும். துள்ளல் வேண்டாம் என்று 60-க்கு ஏற்றினால் ஆட்டமே கிட்டத்தட்ட பத்து சதவீதம் விரைந்து ஓடும், இசையின் சுருதியும் ஏறிவிடும். பழகிய கைகளுக்கு அது வேறு ஆட்டம்.

இதற்கு முழுத் தீர்வு மாறும் புதுப்பிப்பு வேகம். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க், அடாப்டிவ் சிங்க் என்று பெயர்கள் பல, வேலை ஒன்றே. விளையாட்டு ஒரு படத்தைத் தரும்போது மானிட்டர் அதை அப்போதே காட்டும், தனக்கென்று ஒரு தாளத்தை வைத்துக்கொள்ளாது. இந்த வசதி உள்ள மானிட்டர்கள் பலவற்றின் கீழெல்லை 48 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன எண்கள் அத்தனையும் அந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன. பழைய ஆட்டங்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான ரெட்ரோஆர்ச்சில் உள்ளடக்கத்தின் வேகத்துக்கே ஒத்திசைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் போதும். கடந்த இருபது ஆண்டுகளில் ஆர்கேடுக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை இதுதான் என்று நினைக்கிறேன். வெவ்வேறு வேகத்து ஆட்டங்களை ஒரே திரையில் அசல் தாளத்தோடு ஆட முன்பெல்லாம் படக்குழாய் தவிர வழியே இருக்கவில்லை.

அசைவின் தெளிவு வேறொரு சிக்கல். படக்குழாயில் ஒரு புள்ளி ஒளிர்ந்து உடனே அணைந்துவிடும். எல்சிடி, ஓஎல்இடி இரண்டும் அடுத்த படம் வரும்வரை முந்தையதை அப்படியே பிடித்துவைத்திருக்கும், 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. நம் கண் நகரும் பொருளைப் பின்தொடர்ந்து தொடர்ச்சியாக நகர்கிறது, திரையிலோ படம் அந்த நேரம் முழுக்க ஓரிடத்தில் நிற்கிறது. இந்த முரண்தான் விழித்திரையில் மங்கலாகப் பதிகிறது. பேனல் எவ்வளவு விரைவாக மாறினாலும் இந்த மங்கல் போகாது, ஒரு மில்லிநொடி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இதற்கு விடையே இல்லை. போக்க வேண்டுமென்றால் படத்தைக் காட்டும் நேரத்தைக் குறைக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம், ஒரு கறுப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினால் மங்கல் பாதியாகும், ஒளியும் பாதியாகும். 240 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு மூன்று கறுப்பு வைத்தால் இரண்டும் கால்பங்காகும். அதனால் திரையில் ஒளி மிச்சம் இருக்க வேண்டும், ஷேடரும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

120 ஹெர்ட்ஸில் மென்பொருள் வழியாக இதைச் செய்யும்போது சில எல்சிடிகளில் பழைய படத்தின் சாயை தங்கிவிடும். எல்சிடி புள்ளிகளுக்கு மின்னழுத்தம் ஒரு படத்துக்கு நேர்த்திசையிலும் அடுத்ததற்கு எதிர்த்திசையிலும் கொடுக்கப்படுகிறது. படமும் கறுப்பும் சரியாக ஒன்றுவிட்டு ஒன்று வந்தால், படம் எப்போதும் ஒரே திசையிலும் கறுப்பு எப்போதும் மறுதிசையிலும் விழுந்து சமநிலை கெட்டுப்போகும். 180 ஹெர்ட்ஸ் போல 60-ன் ஒற்றைப்படை மடங்கில் இந்தத் தொல்லை வராது. மேலும், மாறும் புதுப்பிப்பையும் கறுப்புச் செருகலையும் பல மானிட்டர்களில் ஒருசேரப் பயன்படுத்த முடியாது. மார்ட்டல் காம்பேட்டுக்கு முன்னது, சரியாக 60-ஐ ஒட்டி ஓடும் ஆட்டங்களுக்குப் பின்னது என்று பிரித்துக்கொள்ளலாம்.

தாமதம் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். கணினி மானிட்டர்கள் பொதுவாகச் சமிக்ஞையை உடனுக்குடன் காட்டிவிடுகின்றன. டிவிகள் படத்தை அழகுபடுத்த நேரம் எடுத்துக்கொள்கின்றன, பழைய தட்டைத் திரை டிவிகளில் அது ஐந்தாறு படங்களின் நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. டிவியைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் கேம் மோடு கட்டாயம். திரையின் வேகம் 120-க்கு மேல் இருந்தால், 60 படம் தரும் ஆட்டத்துக்கும் ஒவ்வொரு படமும் திரையில் வரையப்படும் நேரம் குறைகிறது, அதுவும் லாபம். ரெட்ரோஆர்ச்சின் ரன்-அஹெட் வசதி விளையாட்டின் உள்ளிருக்கும் தாமதத்தையே குறைக்க வல்லது.

வெக்டர் விளையாட்டுகள் ஒரு தனி உலகம். அட்டாரியின் ஆஸ்டராய்ட்ஸ் 1979-ல் வந்தது, டெம்பெஸ்ட் 1981-ல், ஸ்டார் வார்ஸ் 1983-ல். அவற்றில் வரிசையாக அடுக்கிய புள்ளிகளும் இல்லை, ஸ்கேன்லைனும் இல்லை. எலக்ட்ரான் கற்றை பேனாவைப்போல நேராகக் கோட்டை இழுத்தது. ஆஸ்டராய்ட்ஸில் நம் கப்பல் சுடும் குண்டு ஒரு புள்ளிதான். கற்றை அங்கேயே தங்கியதால் அது மற்ற கோடுகளைவிடப் பன்மடங்கு பிரகாசமாக எரிந்தது. அந்த ஒளி எந்தப் புகைப்படத்திலும் பிடிபடாது. வெக்டர் மானிட்டர்கள் இன்று மிக அரிது. அவற்றுக்கு மிக நெருங்கிவரும் மாற்று ஓஎல்இடிதான். கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும், எச்டிஆரில் சிறு புள்ளிகளை மிகப் பிரகாசமாக்க முடியும், தடிமனில்லாத கோடுகளுக்கு 4கே கைகொடுக்கும். டெம்பெஸ்ட் நின்ற திரை ஆட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஓஎல்இடியின் ஆபத்து எல்லோரும் அறிந்ததே. நிலையாக நிற்கும் படம் காலப்போக்கில் திரையில் பதிந்துவிடும். பேக்-மேன் பெட்டிகளின் படக்குழாய்களிலும், அணைத்த பிறகுகூட அந்தப் புதிர்ப்பாதை தெரியும் அளவுக்குப் பதிந்திருக்கிறது. நாளெல்லாம் மின்சாரத்தில் நின்ற பெட்டிகள் அவை, வீட்டில் ஒரு மாலை ஆடுவதால் அப்படி ஆகிவிடாது. இருந்தாலும் ஓரக் கறுப்பை மறைக்க அலங்காரச் சட்டப்படம் வைக்கிறவர்கள் ஓஎல்இடியில் அதைத் தவிர்ப்பது நல்லது. விளையாட்டு தானே ஓடிக் காட்டும் முகப்பில் மணிக்கணக்கில் விட்டுவைக்கவும் வேண்டாம்.

துப்பாக்கி ஆட்டங்கள் வேண்டுமென்றால், படக்குழாய்க் கற்றையை நம்பியிருந்த பழைய துப்பாக்கிகள் தட்டைத் திரையில் வேலை செய்யாது. திரையோரத்தில் வெள்ளைச் சட்டம் வரைந்து அதைக் கேமராவால் பார்க்கும் சிண்டன் துப்பாக்கியோ, அகச்சிவப்பு விளக்குகளை வைத்துக் குறிபார்க்கும் கன்4ஐஆரோ வேண்டும். அவற்றுக்கு எந்த எல்சிடியும் போதும்.

இவ்வளவையும் ஒட்டுமொத்தமாகப் பார்த்து நான் வைக்கும் தேர்வு இது. 1980-களின் தொடக்க ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவர்கள், ஒரு பழைய 20 அங்குல 4:3 எல்சிடியை நிரந்தரமாக நிற்கவைத்துவிடலாம். டெல் 2007எஃப்பி ஐபிஎஸ்ஸிலும் விஏ குடும்பத்துப் பேனலிலும் வந்திருக்கிறது, ஐபிஎஸ்ஸைத் தேடி வாங்க வேண்டும். சண்டை ஆட்டமும் விமான ஆட்டமும் கலந்து ஆடுகிறவர்களுக்கு 27 அங்குலம், 1440, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸுக்கு மேல், மாறும் புதுப்பிப்பு, சுழலும் தாங்கி. இன்று பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெட்டிக்குள் திருப்ப வழியில்லை, இரண்டு வகையும் வேண்டும் என்றால் 32 அங்குலம் 4கே. அதில் பேக்-மேன் 19 அங்குலத்துக்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 26 அங்குலத்துக்கும் வரும். வெக்டருக்காகவே ஏங்குகிறவர்கள் ஓஎல்இடிக்குச் சேமிக்கலாம். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து ஆடும் மேசைப் பெட்டிக்கு ஐபிஎஸ் தவிர வேறெதுவும் சரிவராது, அங்கே திரையை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள்.

பெட்டியில் பொருத்தப் போகும் மானிட்டரை வாங்குமுன் கடையிலேயே சிலவற்றைச் சோதித்துவிட வேண்டும். பின்பக்கத் திருகாணித் துளைகள் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றனவா, கேபிள்கள் பின்னோக்கி நீளாமல் கீழ்நோக்கி இறங்குகின்றனவா என்று பாருங்கள். பழைய மானிட்டர் என்றால் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் ஆகிய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டால் செத்த புள்ளிகள் தெரிந்துவிடும். கறுப்புப் படம் போட்டு அறையை இருட்டாக்கினால் மூலைகளில் கசியும் ஒளி தெரியும். அடுத்ததாக, மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் சுவிட்சை அணைத்து, மறுபடியும் போடச் சொல்லுங்கள். பெட்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச்தான் இருக்கும். மின்சாரம் வந்ததும் தானாக எழாமல், பொத்தானை அழுத்தினால்தான் விழிக்கும் மானிட்டர் என்றால், ஒவ்வொரு தடவையும் பெட்டியின் பின்கதவைத் திறந்து அந்தப் பொத்தானைத் தேட வேண்டியிருக்கும்.